சந்தேகம் வந்த அன்றே என்ன செய்வது? குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் பாதுகாப்பு: கடலூர் மாவட்டப் பணியாளர்களின் கேள்விகள்

காப்பக வார்டன், அங்கன்வாடிப் பணியாளர், முதியோர் இல்லத்தில் ஆயாம்மாவாக இருப்பவர், வீடு வீடாகப் போகும் சமூகப் பணியாளர், குப்பத்தில் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டப் பிரிவு எண்களைத் தேவையான இடத்தில் மட்டும் கொடுத்திருக்கிறோம். காவல் நிலையத்திலோ நிர்வாகியிடமோ பேசும்போது அந்த எண்ணைச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

என்னிடம் ஆதாரம் இல்லை, சந்தேகம்தான் இருக்கிறது. அதை வைத்துத் தகவல் சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, 19ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாத ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போதும், காவல்துறைக்குச் சொல்வது கடமை. ஆதாரம் தேடுவது உங்கள் வேலை கிடையாது. தேடப் போனால் கெடுதல்தான் வரும். முதலில் நீங்கள் கேட்பீர்கள், பிறகு வார்டன், பிறகு செயலாளர், பிறகு தலைமை ஆசிரியர். நாலாவது முறை சொல்லும்போது குழந்தையின் வார்த்தைகள் மாறியிருக்கும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வது அந்த மாற்றத்தைத்தான். அதற்குள் சம்பந்தப்பட்ட ஆளுக்கும் விஷயம் எட்டியிருக்கும், செல்போனில் இருந்தது அழிந்திருக்கும், குழந்தைக்கு மிரட்டல் போயிருக்கும்.

நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. தண்டனை வருவது, கெடுக்கும் நோக்கத்தோடு பொய் என்று தெரிந்தே புகார் கொடுப்பவருக்குத்தான். சந்தேகப்பட்டுச் சொன்னது கடைசியில் இல்லை என்று ஆனாலும் நீங்கள் தவறு செய்தவர் ஆகமாட்டீர்கள்.

யாரிடம் சொல்வது? எந்த எண்?

குழந்தை என்றால் 1098, அல்லது அருகிலுள்ள காவல் நிலையம், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. முதியோருக்கு 14567, இது காலை 8 முதல் இரவு 8 வரை. வீட்டில் அடிபடும் பெண்களுக்கு 181. மனநலத் தவிப்பு என்றால் 14416. இலவச வழக்கறிஞர் வேண்டுமானால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100.

1098-க்கு அழைத்துவிட்டால் காவல்துறைக்குச் சொன்னதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 19ஆம் பிரிவு குறிப்பிடுவது உள்ளூர்க் காவல்துறையை, அல்லது சிறப்புச் சிறார் காவல் பிரிவை. பாலியல் குற்றம் என்றால் இரண்டையும் செய்யுங்கள். பெற்றோர் இல்லாமல் தனியாகக் கண்டெடுத்த குழந்தை என்றால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும். பயண நேரம் இந்த 24 மணிக்கணக்கில் சேராது. "நல்ல குடும்பம், பிள்ளை இல்லாதவங்க, அவங்ககிட்டயே கொடுத்துடலாம்" என்று கொடுப்பது தத்துக்கொடுப்பதாக ஆகாது, குற்றமாகும்.

நிர்வாகி "நான் பார்த்துக்கறேன், வெளியே சொல்லாதீங்க" என்கிறார். அவரிடம் சொன்னால் என் கடமை முடிந்ததா?

முடியவில்லை. கடமை அவரவர் தலைமேல் தனித்தனியாக இருக்கிறது. தெரிந்தும் சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நிர்வாகிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பாக இருந்தாலும் தேதியும் நேரமும் பதிவாகும். அவர் பதிலுக்காகக் காத்திருக்காமல் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுங்கள்.

இல்லத்தின் பெயர் கெடும், நன்கொடை நின்றுவிடும், மற்ற குழந்தைகள் எங்கே போவார்கள் என்ற கவலை பொய்யானதில்லை. ஆனாலும் அந்த ஆளை உள்ளேயே வைத்துக்கொண்டு கடக்கும் ஒவ்வொரு இரவும் அந்த மற்ற குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

குழந்தை "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்கிறது. என்ன பதில் சொல்வது?

சத்தியம் செய்யாதீர்கள். பிறகு அதை மீற வேண்டிவரும். குழந்தை நம்பிச் சொன்ன முதல் ஆளே ஏமாற்றிவிட்டார் என்று ஆகிவிடும். இப்படிச் சொல்லலாம்: "கண்ணு, நீ சொன்னது நல்லது. உன்மேல தப்பு இல்ல. இதை ஊருக்கெல்லாம் சொல்லமாட்டேன். உன்னைப் பாதுகாக்கறவங்க ரெண்டு பேருகிட்ட மட்டும் சொல்லணும். யார்கிட்ட, எப்பன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் செய்வேன்."

கேட்பதற்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆச்சு, யார், எங்கே, கடைசியாக எப்போது, இப்போது வலிக்கிறதா? இவ்வளவு தெரிந்தால் போதும். "அந்த மாமா இங்க தொட்டாரா?" என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று விட்டுவிட்டால் குழந்தையே சொல்லும். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. முகத்தில் அதிர்ச்சி காட்டினால் பாதியில் நிறுத்திவிடும். செல்போனில் பதிவு செய்யாதீர்கள். வாக்குமூலம் எடுக்க வேண்டியவர்கள் அதற்கான முறையில் எடுப்பார்கள்.

எப்படி எழுதிவைப்பது?

அன்றே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், பேனாவால் எழுதுங்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே மேற்கோளில் போடுங்கள். உடல் உறுப்புக்குக் குழந்தை என்ன பெயர் சொன்னதோ அதே பெயர், கொச்சையாக இருந்தாலும் மாற்றக் கூடாது. "பாலியல் சீண்டலுக்கு உள்ளானதாகத் தெரிவித்தார்" என்ற வரி எதற்கும் உதவாது. "ராத்திரி கரண்ட் போனப்ப வந்தாரு, வாயைப் பொத்தினாரு" என்ற வரி உதவும்: கரண்ட் போன இரவு எது என்று மின்வாரியப் பதிவில் பார்க்கலாம். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். கண்டது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். அடித்துத் திருத்தினால் ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திடுங்கள், வெள்ளை மை வேண்டாம். பக்க எண் போட்ட தைத்த நோட்டு நல்லது. தனித்தாள் காணாமல் போகும், அல்லது போகவைக்கப்படும்.

முதலில் ஆஸ்பத்திரியா, ஸ்டேஷனா?

ரத்தப்போக்கு, வலி, மயக்கம் இருந்தால் ஆஸ்பத்திரி. சம்பவம் நடந்து மூன்று நாளுக்குள் என்றாலும் நேரம் கடத்தக் கூடாது. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். கருத்தடை அவசர மாத்திரைக்கும் அதே 72 மணி நேரக் கணக்குதான். உடல் தடயங்களும் நாள் ஆக ஆகக் கிடைக்காமல் போகும்.

எஃப்.ஐ.ஆர். இல்லை என்று மருத்துவர் திருப்பி அனுப்பக் கூடாது. போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு, எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே பரிசோதனை செய்யலாம் என்கிறது. தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். "இரு விரல் சோதனை" செய்வது தவறான நடத்தை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படி யாராவது தொடங்கினால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வழக்கமாக நடக்கும் தவறு, பாசத்தால் நடப்பது: குழந்தையைக் குளிப்பாட்டி, துணியைத் துவைத்து, நல்ல பாவாடை மாற்றிக் கூட்டிவருவார்கள். துணியில் இருந்த தடயம் சோப்புத் தண்ணீரோடு போய்விடும். போட்டிருந்த துணியோடு கூட்டிவாருங்கள். மாற்றியிருந்தால், துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பழைய நாளிதழில் சுற்றினாலும் சரி. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும், நம்மூர்ப் புழுக்கத்துக்குச் சீக்கிரமே.

காயத்தைப் பார்த்து அடித்ததா, விழுந்ததா என்று சொல்ல முடியுமா?

உறுதியாக மருத்துவர்தான் சொல்வார். நீங்கள் கவனிக்க வேண்டியது இடமும், சொல்லும் கதையும். ஓடியாடும் குழந்தைக்கு முழங்கால், முகவாய், நெற்றியில் அடிபடும். காது, கழுத்து, முதுகு, வயிறு, தொடையின் உட்பக்கம், மேல்கையில் விரல் பதிந்தாற்போன்ற தடிப்பு என்றால் கேட்க வேண்டும். தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தையின் உடம்பில் எந்தக் கன்றலும் சாதாரணம் இல்லை. வெந்நீர்க் காயம் கையுறை போட்டாற்போல் நேர்க்கோட்டில் முடிந்தால், தண்ணீர் தெறித்தது என்ற கதை பொருந்தாது. ஒரே காயத்துக்கு அம்மா ஒரு காரணம், அப்பா ஒரு காரணம் சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலச்சாம்பல் நிறத்தில் படை இருக்கும். அது கன்றல் இல்லை. நாள் கணக்கில் நிறம் மாறாமல் இருப்பதே அடையாளம். சிரங்கு காய்ந்த வட்டம் சிகரெட் சூடுபோலத் தெரியும். வலிப்புக்கும் மஞ்சள்காமாலைக்கும் வயிற்றில் சூடு போடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது வைத்தியம் என்று செய்தாலும் குழந்தைக்குத் தீங்குதான். மருத்துவமனைக்கு அனுப்புங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் சொல்லுங்கள். கன்றலின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று நீங்கள் எழுதிவிடாதீர்கள், அது நம்பத்தக்க கணக்கு அல்ல.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்துவிட்டார்கள், பணமும் வாங்கிவிட்டார்கள். இனி நான் என்ன செய்வது?

தகவல் கொடுக்கத்தான் வேண்டும். குப்பமானாலும் காலனியானாலும் ஊரானாலும், போக்சோ குற்றத்தை ஊர் கூடிச் சமரசம் செய்து முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. பேசி முடித்த பெரியவர்களும் தெரிந்தும் சொல்லாதவர்கள் என்ற கணக்கில்தான் வருவார்கள். இதை அவர்களிடம் அமைதியாகச் சொன்னாலே சில இடங்களில் மனம் மாறுகிறது. "கட்டிவெச்சிடலாம்" என்று பெண்ணை அந்த ஆளுக்கே மணமுடிக்கும் பேச்சு வந்தால் அது குழந்தைத் திருமணமும் ஆகும். திருமணத் தேதி நெருங்குகிறது என்றால் 1098-க்கு மண்டபம் அல்லது கோயில் பெயர், நாள், முகூர்த்த நேரம், பெண்ணின் பள்ளிச் சான்றில் உள்ள பிறந்த தேதி ஆகியவற்றோடு சொல்லுங்கள்.

கடலோரக் கிராமங்களில் குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள் என்ற பயம் உண்மையானது. அந்தப் பயத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடமும் சொல்லி, தேவைப்பட்டால் குழந்தையை வேறிடத்தில் தங்கவைக்கக் கேளுங்கள்.

16 வயதுப் பெண் கர்ப்பம். காதல் என்கிறாள், சிக்கவைக்காதீர்கள் என்று அழுகிறாள்.

18-க்குக் கீழே சம்மதம் சட்டத்தில் சம்மதமாகாது. சமூகப் பணியாளரின் தகவல் கடமையும் மாறாது. கருவைக் கலைக்க விரும்பினால், சிறுமிக்கு 24 வாரம் வரை இடமுண்டு. 20 வாரம் தாண்டினால் இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் தன் தகவலில் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. இது தெரியாமல் பயந்துதான் போலி வைத்தியரிடம் போய் உயிரை விடுகிறார்கள். முதல் நாளிலேயே அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

புயல் முகாமில் தன்னார்வலராக இருக்கிறேன். எதைக் கவனிப்பது?

2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் என்று முகாமில் தங்குவது நம் மாவட்டத்துக்குப் பழகிப்போன ஒன்று. இருட்டும் நெரிசலும், யார் யார் என்று தெரியாத நிலையும் சேரும் இடத்தில் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது.

வந்தவுடன் வருகைப் பதிவேட்டில் தனியாக வந்த குழந்தைகளுக்கு வேறு பக்கம் ஒதுக்குங்கள்: பெயர், வயது, ஊர், யாரோடு வந்தது, கடைசியாக யாரைப் பார்த்தது. "நான் சித்தப்பா" என்று வருபவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார் பாருங்கள். குழந்தை அவரைப் பார்த்ததும் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். வி.ஏ.ஓ. அல்லது போலீஸ் முன்னிலையில்தான் ஒப்படைப்பு, கையெழுத்தோடு. சந்தேகம் என்றால் 1098.

கழிப்பறைதான் முதல் ஆபத்து இடம். பள்ளிக்கூட முகாம்களில் அது கட்டடத்துக்குப் பின்னால், விளக்கில்லாமல், உள்தாழ் உடைந்து கிடக்கும். பொழுது சாயும் முன் போய்ப் பாருங்கள். தாழ் இல்லையென்றால் ஒரு கொக்கியும் நாலு ஆணியும் போதும். பேட்டரி விளக்கு ஒன்றை அங்கே கட்டுங்கள். ராத்திரி போகும் சிறுமியோடு இன்னொரு பெண் போகட்டும். தனியாக வந்த பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் கதவோரத்தில் இல்லாமல் உள்ளறையில் படுக்க ஏற்பாடு செய்யுங்கள். சோற்றுப் பொட்டலம் கொடுக்க வருபவர்கள் குழந்தைகளைத் தனியே அழைத்துப் போகவோ வீடியோ எடுக்கவோ விடாதீர்கள்.

அடிபடும் பெரியவர் "வேணாம்பா, எம்புள்ளதானே" என்கிறார். அவர் பேச்சை மீறிப் புகார் கொடுக்கலாமா?

குழந்தைக்கும் பெரியவருக்கும் இங்கேதான் வேறுபாடு. தெளிந்த புத்தியோடு முடிவெடுக்கும் முதியவரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த "வேணாம்" யாருடைய சொல் என்று பாருங்கள். மகனும் மருமகளும் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் வேறு பதில் வராது. பி.பி. பார்க்கும் சாக்கில், கோயிலுக்குப் போகும் வழியில், தனியாகக் கேளுங்கள். என்ன நடக்கிறது, என்ன வழி இருக்கிறது என்பதைச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். உயிருக்கு ஆபத்து, மறதி நோயால் முடிவெடுக்க முடியாத நிலை, அடிப்பவர் இல்லத்துப் பணியாளர் (அவரால் மற்றவர்களுக்கும் ஆபத்து) என்ற மூன்று நிலையிலும் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாற்றுத்திறனாளி என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 7ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்கு, அதாவது தாசில்தாருக்கோ கோட்டாட்சியருக்கோ, தகவல் கொடுக்கலாம். கொடுமை நடக்கும் முன்பே, நடக்கக்கூடும் என்ற நிலையிலும் கொடுக்கலாம்.

வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அம்மாவைத் துரத்திவிட்டார்கள். வழி உண்டா?

உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் கோட்டங்களில் அந்தந்தக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அம்மாவால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த ஆளோ அமைப்போ கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்த சொத்தை 23ஆம் பிரிவில் ரத்து செய்யலாம். "கடைசிவரை பார்த்துக்கொள்வார்" என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா என்பதில்தான் பல மனுக்கள் தோற்கின்றன. இன்னும் எழுதிக்கொடுக்காதவர்களிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

துரத்தாமலும் திருடலாம். முதியோர் ஓய்வூதிய ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் யாரிடம் இருக்கிறது, பாஸ்புக்கில் பணம் எடுத்த அன்று அவர் கையில் என்ன வந்தது என்று கேளுங்கள். இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் பக்கம், எடுக்கும்போது இரண்டு பேர் கையெழுத்து.

படுக்கைப் புண் என்றாலே கவனிப்பில்லை என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. கடைசிக் கட்ட நோயில் நல்ல கவனிப்பிலும் வரலாம். கேட்க வேண்டியது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்த குறிப்பு இருக்கிறதா என்பது. முதல் அறிகுறி சிவப்பு என்று புத்தகம் சொல்லும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகாலில் கையை வைத்துப் பாருங்கள்: சூடாக, கெட்டியாக இருந்தால் புண் தொடங்கிவிட்டது. காற்று வளையத்தில் உட்காரவைக்காதீர்கள், சுற்றியுள்ள சதைக்கு ரத்தம் போவது குறையும். "மக்களைத் தேடி மருத்துவம்" செவிலியரை வீட்டுக்கே அழைக்கலாம். எந்நேரமும் தூங்கி வழியும் பெரியவருக்கு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள், யார் எழுதியது என்று சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தொந்தரவு இல்லாமல் இருக்கத் தூக்க மாத்திரை கொடுப்பதும் கட்டிப்போடுவதுதான்.

மனநோயாளி மகனைச் சங்கிலியில் கட்டிவைத்திருக்கிறார்கள். பாவம், தாய் முந்திரி உடைக்கப் போகிறார், வேறு வழியில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 95ஆம் பிரிவு, எந்த வகையிலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. கொடுமையோ புறக்கணிப்போ வீட்டில் நடப்பதாகத் தெரிந்தால் காவல் நிலைய அதிகாரி நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 101ஆம் பிரிவு. ஆனால் அந்தத் தாயைக் குற்றவாளியாக்கி நிறுத்தினால் மகனுக்கு எதுவும் கிடைக்காது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் சேருங்கள், மருந்து தொடங்கிச் சில வாரத்தில் சங்கிலிக்குத் தேவை இல்லாமல் போவதுண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் அன்றே விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள். காப்பகம் தேடினால் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். 2023-இல் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரை மீட்க வேண்டியிருந்தது.

புதிதாக ஆள் எடுக்கும்போது போலீஸ் சரிபார்ப்பு போதுமா?

போக்சோ விதிகள் 2020-இன்படி அது கட்டாயம், இடைவெளி விட்டு மறுபடியும் எடுக்க வேண்டும். சமையல்காரர், வேன் டிரைவர், வாட்ச்மேன், டியூஷன் மாஸ்டர் எல்லாருக்கும். ஆனால் புகாரே போகாதவரின் சான்று சுத்தமாகத்தான் வரும். ஆகவே கடைசியாக வேலை செய்த இரண்டு இடத்துக்குப் போன் செய்து, "மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். இரவில் ஒரே ஆள் பொறுப்பில் விடாதீர்கள், தூங்கும் கூடத்தின் சாவி ஆண் பணியாளரிடம் இருக்க வேண்டாம்.

பிறந்தநாள் சாப்பாடு போடுபவர்கள் குழந்தைகளோடு போட்டோ கேட்கிறார்கள்.

காப்பகக் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் (இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு). இலைக்கும் சோற்றுக்கும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் குழந்தை பத்து வருஷம் கழித்து வேலைக்குப் போகும் இடத்தில் "நீ அந்த ஹோம்ல இருந்தவதானே" என்று யாரும் கேட்கக் கூடாது.

ஸ்டேஷனில் புகார் வாங்கவில்லை. பாகூரில் நடந்தது, அங்கே போ என்கிறார்கள்.

எல்லை காரணமாகாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173ஆம் பிரிவின்படி எந்த இடத்தில் நடந்தாலும் தகவலைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். புதுச்சேரியை ஒட்டியிருக்கும் நமக்கு இது அடிக்கடி வரும். போக்சோ தகவலைப் பதிவு செய்யாத காவலருக்கும் 21ஆம் பிரிவின் தண்டனை உண்டு. மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஒரு நகல்.

புகார் கொடுத்த பிறகு?

24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவித்திருக்க வேண்டும், மறுநாள் கேளுங்கள். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் எடுக்க வேண்டும். விசாரணை முழுக்கக் குழந்தைக்கு உதவியாக இருக்கும் துணை நபர் ஒருவரை நியமிக்கக் குழுவிடம் கேளுங்கள். சாப்பாடு, துணி, பயணச் செலவுக்கான உடனடி உதவிக்குக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் பணம் வர வேண்டும். விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்பதும் சட்டம், முன்கூட்டியே அரசு வழக்கறிஞரிடம் நினைவுபடுத்துங்கள். பள்ளித் தேர்வு அட்டவணையின் நகலையும் அவரிடம் கொடுத்துவையுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நாளில் சாட்சி சம்மன் வந்தால் தேதி மாற்றிக் கேட்க அதுதான் கைகொடுக்கும்.